லிஸ்டில் இல்லாத ஆள்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'நாய்க்காரக்கா' என்றுதான் பெயர். ஏழு வருடமாக ஒவ்வொரு செவ்வாயும் தன் நாய் பஞ்சுவைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, மனநல வார்டுக்குக் கூட்டிவருகிறாள். வாய் திறக்காதவர்கள்கூட அதன் காதைத் தடவிக்கொண்டே நாலு வார்த்தை பேசிவிடுவார்கள். அன்றைக்கு யார் ரொம்ப உடைந்திருக்கிறாரோ, அவர் காலடியில் போய்ப் படுக்கும். "நாய் வேலை பாக்குது, நீ சம்பளம் வாங்குற" என்று அண்ணன் கேலி செய்வான். "அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதே" என்பாள்.

டாக்டர் தரும் லிஸ்டில் ஆறு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். வழியில் அது நின்றால் கழுத்து வாரை இழுப்பாள், உடனே நடந்துவிடும். அப்படித்தான் பஞ்சுவைப் பழக்கியிருந்தாள்.

ஒரு செவ்வாய் அது லிஃப்ட் வாசலில் நின்றது. லிஃப்ட்காரர் வார்டையே சிரிக்க வைக்கிற ஆள். ஸ்டூலில் இருந்தவரின் பாதத்தில் பஞ்சு தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"என்னக்கா, உங்க பையன் என்னையும் பேஷண்ட்டுன்னு நினைச்சுட்டானா?"

"பிஸ்கட் கிஸ்கட் போட்டீங்களா?"

"சத்தியமா இல்லக்கா. வேணும்னா பாக்கெட்டப் பாருங்க."

வாரை இழுத்தாள். அடுத்த செவ்வாயும் அதே கதை. மூன்றாம் முறை பஞ்சு எழவே மாட்டேன் என்றது. நேரமாகிற எரிச்சலில் அதட்டினாள். அதன் தலைமேல் இருந்த கையை அவர் மெல்ல எடுத்துக்கொண்டார். "போடா, வேலையப் பாரு" என்றார். சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

துக்கம் விசாரிக்கப் போனவளிடம் அவர் மனைவி கேட்டாள். "வர்றவங்க எல்லார்கிட்டயும் இதையேதான் கேக்குறேன். உங்ககிட்டயாவது ஏதாச்சும் சொன்னாராக்கா?"

இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். பொய்யும் ஆகாது. ஆனால் அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

"அவரு சொல்லலம்மா. நாய்தான் சொல்லுச்சு. மூணு வாரமா அவரு காலடியிலயே வந்து படுத்துச்சு. லிஸ்ட்ல பேரு இல்லன்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன்."

அந்தப் பெண் ஆணியில் தொங்கிய கணவனின் வேலைச் சட்டையையே பார்த்திருந்தாள்.

"எவ்வளவு நேரம்க்கா படுத்திருந்துச்சு?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும். அதுக்குமேல நான் விடல."