தோல் வாரைக் கடித்த குட்டி

அந்த நாய்க்குட்டியை நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரரும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் என் தம்பி அட்டைப்பெட்டியோடு வந்து அதை எங்கள் வீட்டுக் கூடத்தில் இறக்கி வைத்தான். அவனுக்குத் துபாயில் வேலை கிடைத்து, நாலு நாளில் கிளம்ப வேண்டியிருந்தது. சேக்காளிகளிடம் பெருமையடிக்கத்தான் அதை வாங்கியிருந்தான். ஒரு மாதம் போட்டோவாக எடுத்துத் தள்ளினான். விசா வந்ததும் அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

"சிப்பிப்பாறை சாதி நாய்க்கா. ஒரிஜினலு. மூணு மாசந்தான் ஆவுது. மச்சானுக்குத் துணையா இருக்கும்" என்றான்.

"அப்ப இம்புட்டு நாளா நான் என்னத்துக்கு இருக்கேன்?" என்றேன்.

அவன் சிரித்தான். என் வீட்டுக்காரரும் சிரித்தார். சாம்பல் நிறக் குட்டி பெட்டியின் ஓரத்தைக் கடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. அதற்கு அவன் ஏதோ ஓர் இங்கிலீஷ் பேர் வைத்திருந்தான். அந்தப் பேரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

நாங்கள் இருப்பது பாளையம்பட்டியில். வீட்டில் இரண்டே பேர். நான் திருச்சுழி போகிற வழியில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் வீடு திரும்ப நாலரை ஆகும். அவர் அருப்புக்கோட்டை டவுனில் செராக்ஸ் கடை வைத்திருக்கிறார். சின்ன வயதில் போலியோ வந்து அவருடைய இடது கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு பக்கமும் கம்பி ஓடுகிற காலிப்பரை மாட்டிக்கொண்டுதான் நடப்பார். அந்தக் கம்பிகளைக் காலோடு சேர்த்துப் பிடித்திருப்பது தோல் வார்கள். தொடையில் ஒன்று, முட்டியில் அகலமாக ஒரு பட்டை, கெண்டைக்காலில் ஒன்று. அதை மாட்டினால் எழுந்து நிற்பார், பின்னால் இரண்டு சக்கரம் கூட்டிய ஸ்கூட்டரில் ஏறிக் கடைக்குப் போவார். கழற்றிவிட்டால் நிற்க முடியாது.

ஆக, காலையில் நாங்கள் இரண்டு பேரும் கிளம்பிவிட, சாயங்காலம் வரை அந்தக் குட்டி பூட்டிய வீட்டுக்குள் ஜன்னல் கம்பியில் கட்டிக் கிடந்தது. சோறு வைத்தோம், தண்ணீர் வைத்தோம். வேறென்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை.

முதலில் செருப்பு. பிறகு போன் சார்ஜர். பிறகு கட்டில் கால். கயிற்றையே கடித்து அறுத்துக்கொண்டு அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போய், அங்கன்வாடிப் பிள்ளைகளின் எடை எழுதுகிற பதிவேட்டைக் குதறிவிட்டது. மறுநாள் சூப்பர்வைசர் அம்மாவிடம் நாய் கடித்துவிட்டது என்றேன். "அய்யய்யோ, எந்தப் புள்ளய?" என்று பதறினார். பதிவேட்டை என்றேன். அப்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நாற்பது பிள்ளைகளின் எடையை மறுபடி உட்கார்ந்து எழுதியது நான்தான்.

அடுத்தது தண்ணீர் பிடிக்கிற ஓஸ். எங்கள் தெருவில் குழாயில் எட்டு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒருமுறைதான் தண்ணீர் வரும். வந்தால் ஒரு மணி நேரம். அன்றைக்குப் பார்த்துக் குழாயில் ஓஸை மாட்டித் திறந்தால், ஏழெட்டு இடத்தில் பீச்சியடிக்கிறது. தொட்டிக்குப் போகவேண்டிய தண்ணீர் முற்றத்தில் ஓடியது. நான் இரண்டு குடத்தையும் மாற்றி மாற்றிச் சுமந்து பாதித் தொட்டி நிரப்புவதற்குள் குழாய் நின்றுவிட்டது. குட்டி அந்த ஈரத்தில் குதித்து விளையாடியது. எனக்கு அழுகை வரவில்லை. ஓஸைச் சுருட்டி மூலையில் எறிந்தேன்.

அந்த வாரம் தம்பி வீடியோ காலில் வந்தான். ஓட்டை விழுந்த ஓஸைக் காட்டினேன்.

"சரியான சேட்டை புடிச்சவன்க்கா!" என்று கைதட்டிச் சிரித்தான்.

போனை வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு மதினி வைத்தியம் சொன்னார். "வேப்பெண்ணெயத் தடவி விடுங்க மதினி. கசப்புக்குக் கிட்டயே வராது." தடவினேன். வீடே நாறியது. குட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, தடவாத இடமாகப் பார்த்துக் கடித்தது. "அப்ப பச்சமொளகாய அரைச்சுத் தடவுங்க" என்றார். அதையும் செய்தேன். செருப்பிலும் கட்டில் காலிலும் அப்பி வைத்தேன். அன்று மாலை வந்து பார்த்தபோது குட்டி எச்சில் ஒழுக, மூஞ்சியைத் தரையில் தேய்த்துத் தேய்த்து முனகிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவமும் எரிச்சலாகத்தான் வந்தது. நான் ஏன் இதற்கெல்லாம் பாவப்பட வேண்டும்? மறுநாள் மிளகாய் தடவியதை மறந்து அதே செருப்பை மாட்டிக்கொண்டு போய், பஸ் முழுக்கக் கால் எரிய நின்றேன்.

இவ்வளவுக்கும் அவர் ஒரு வார்த்தை அதட்டியதில்லை. கடையிலிருந்து வந்ததும் குட்டி அவர் மடியில் ஏறிவிடும். "சின்னதுதானே, விடு" என்பார். அவர் அதைச் சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் கோபம் ஏறும்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல கோடை. மத்தியானம் சாப்பிட்டதும் வேக்காடு தாங்காமல் அவர் காலிப்பரைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுப் படுத்தார். நான் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். கால் மணி நேரம்கூட இருக்காது. இறங்கி வந்தால், கூடத்தின் நடுவில் காலிப்பர் கிடக்கிறது. தொடை வார் இரண்டு துண்டு. முட்டிப் பட்டை பஞ்சு பிதுங்கிக் கிழிந்து கிடந்தது. குட்டி ஒரு தோல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டியது.

அதற்குப் பிறகு நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓட்டை ஓஸை வெட்டிப்போட்ட துண்டு ஒன்று மூலையில் கிடந்தது. அதை எடுத்து அடித்தேன். ஒரு அடி இரண்டு அடி இல்லை. அது கட்டிலுக்கு அடியில் நுழைந்தது, இழுத்துப் போட்டு அடித்தேன். செருப்புக்கு, பதிவேட்டுக்கு, ஓடிப்போன தண்ணீருக்கு, துபாயில் கைதட்டியவனுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்தேன். அது கத்திய கத்து தெருவுக்கே கேட்டிருக்கும்.

"நிப்பாட்டு!"

திரும்பிப் பார்த்தேன். அவர் தரையில் இருந்தார். இரண்டு கையையும் ஊன்றி, அந்தக் காலை இழுத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. பார்க்க விட்டதில்லை அவர். நான் எழுந்திருக்கும் முன்பே எழுந்து காலிப்பரை மாட்டிவிடுகிற மனுஷன்.

வந்து குட்டிக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"ஏங்க, ஒங்க காலயே கடிச்சு வச்சிருக்கு, பாத்தீகளா?" என்று கத்தினேன்.

"எங் கால்தானே? கோவப்பட்டா நான்ல படணும். ஒனக்கு என்னத்துக்கு இந்தக் கோவம்?"

"நாளைக்கு எப்பிடிக் கடைக்குப் போவீக?"

"போகல. அதுக்கு இத அடிச்சுக் கொல்லுவியா?" குரல் உடைந்தது. கோபத்தில்தான் உடைந்தது. "நீ இத அடிக்கல. எங் காலப் பாத்து ஒனக்குள்ள என்னமோ இருக்கு. அதத்தான் அடிக்கிற."

அப்படி ஒன்றுமில்லை என்று கத்தினேன். ஓஸைத் தூக்கி எறிந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் அவருக்குச் சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்கே திரும்பிவிட்டேன். அவர் சொன்னது உண்மையா என்று நான் யோசித்திருக்கிறேன். அவர் படியேறுவதைக் கல்யாண வீட்டில் நாலு பேர் உற்றுப் பார்க்கும்போது, பஸ்ஸில் யாராவது "ஒக்காருங்க, பாவம்" என்று எழுந்திருக்கும்போது, அவர் சிரித்துக்கொண்டு கடந்துவிடுவார். எனக்குத்தான் உள்ளே கொதிக்கும். அந்தக் கொதிப்பை எங்கேயும் கொட்ட முடியாது. கையில் அகப்பட்டது ஆறேழு கிலோகூட இல்லாத ஒரு குட்டி.

டவுனில் செருப்புத் தைக்கிறவர் முட்டிப் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது என்னால் ஆகாது, அளவு பிசகினால் நடை போய்விடும் என்று திருப்பிக் கொடுத்தார். காலிப்பரை மதுரைக்குக் கொடுத்தனுப்பினோம். திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று. கடை ஒன்பது நாளும் பூட்டிக் கிடந்தது.

சண்டை நடந்த மூன்றாம் நாள் அங்கன்வாடிக்கு லீவு போட்டேன். குட்டியை ஒரு கட்டைப் பையில் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வைத்தியம் பார்க்க அல்ல. பரளச்சிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற யாராவது வந்தால் கொடுத்துவிடச் சொல்லலாம் என்று.

டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு குட்டியின் முதுகைத் தடவினார். அது உடம்பைச் சுருக்கியது. ரோமத்தை விலக்கித் தடிப்புகளைப் பார்த்தார்.

"இது என்னக்கா?"

நான் சுவர் போஸ்டரைப் படிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அவர் குட்டியின் வாயைத் திறந்து காட்டினார். ஈறு சிவந்து வீங்கியிருந்தது. பால்பல் ஒன்று விழாமல் ஆட, அதன் பக்கத்திலேயே புதுப் பல் முட்டிக்கொண்டு நின்றது.

"பல்லு மொளைக்குதுக்கா. நமநமன்னு வலிக்கும். எதையாச்சும் கடிச்சாத்தான் அடங்கும். அதோட பகல் பூராம் தனியாக் கட்டிப் போட்டா அது வேற என்ன செய்யும்? ஒங்க அங்கன்வாடியில பல்லு மொளைக்கிற புள்ள பொம்மையக் கடிச்சா அடிப்பீகளா?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. சரியான கேள்வி என்பதால் இன்னும் பிடிக்கவில்லை. "புள்ள எம் புருஷன் நடையக் கடிக்காது" என்றேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்தார். செய்ய வேண்டியதை எழுதிக் கொடுத்தார். குட்டியைப் பையில் வைத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

செய்தேன். அன்பால் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்னொரு வார் கிழிந்துவிடக் கூடாது என்ற வீம்பில் செய்தேன். செருப்பு, சார்ஜர், பதிவேடு எல்லாம் இடுப்புக்கு மேலே ஏறின. காலிப்பருக்குக் கட்டில் தலைமாட்டில், அவர் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு கொக்கி அடித்தேன். பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் தடிமனாக முடிச்சுப் போட்டு, நனைத்து ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுத்தேன். குளிர்ச்சி ஈறுக்கு இதமாக இருந்திருக்கும், மணிக்கணக்கில் அதையே கடித்தது. எதையாவது தூக்கிக்கொண்டு ஓடினால் துரத்தக் கூடாது, துரத்தினால் விளையாட்டு என்று நினைக்கும் என்று எழுதியிருந்தார். நான் நின்ற இடத்திலேயே நின்று, அவித்த முட்டைத் துண்டை நீட்டுவேன். வாயில் இருப்பதைப் போட்டுவிட்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு "நல்ல புள்ள" என்பேன். முதல் சில நாள், நான் கையை நீட்டினாலே பின்வாங்கியது. அது எனக்குச் சுருக்கென்றது.

காலையில் ஐந்தரை மணிக்கு எழுந்து கரிசல் தரிசில் அதை ஓட விட்டேன். சீமைக்கருவேல முள் என் காலில் ஏறியதுதான் மிச்சம் என்று திட்டிக்கொண்டே நடந்தேன். ஓடிக் களைத்த நாய் பகலில் தூங்கியது. அவர் வாரத்தில் பாதி நாள் அதைக் கடைக்கே கூட்டிப் போய்விட்டார். புதுப் பல் எல்லாம் முளைத்து முடிந்தபோது கடிப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது.

இரண்டு வருஷம் கழித்துத் தம்பி லீவில் வந்தான். நாய் அவனை முகர்ந்து பார்த்துவிட்டு, தெரியாத ஆள் என்று விலகிப் போனது. அவன் விடவில்லை, கழுத்தைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்தான்.

"நல்லாப் பழக்கியிருக்கியேக்கா! கூடத்துல செருப்புக் கெடக்கு, தொடமாட்டேங்குது. ட்ரெய்னிங்குக்கு யார்ட்ட விட்டீக?"

அவ்வளவுதான். ஒன்பது நாள் பூட்டிக் கிடந்த கடையிலிருந்து, அவர் தரையில் காலை இழுத்துக்கொண்டு வந்தது வரை, எல்லாவற்றையும் அவன் முகத்துக்கு நேராகக் கொட்டினேன். அவன் முகம் சுண்டிப்போனது.

"ஒரு நாய்க்காகவா இம்புட்டுப் பேசுற?"

"ஏலே, நாய்க்காக இல்ல. வாங்குனவன் நீ, அனுபவிச்சவுக நாங்க. ஒரு நா, ஒரே ஒரு நா, 'கஷ்டமா இருக்காக்கா'ன்னு கேட்டியா?"

அவன் எழுந்து செருப்பை மாட்டினான். அவர் என்னைத் தடுக்கவில்லை. ஆனால் "சாப்பிட்டுப் போங்க மாப்ள" என்று அவனையும் கூப்பிட்டார். அவன் நிற்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் வருகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து நான் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். நாயைத் திரும்பக் கேட்பான், முடியாது என்று சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவன் கேட்கவே இல்லை. கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் சாப்பிடாமல் எழுந்து போனதற்கோ அன்றைக்குச் சிரித்ததற்கோகூட இல்லை, அதற்குத்தான் எனக்கு அவன்மேல் இன்றுவரை கோபம்.