அரையங்குலத்தின் முழங்கால்

தெருமுனைத் தையல்காரரை எல்லோரும் அரையங்குலம் என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்கு அளவெடுத்தாலும், "நாளைக்கு உடம்பு போட்டா என்ன பண்ணுவீங்க?" என்று இடுப்பில் அரை அங்குலத் துணியை உள்ளே மடித்துத் தைத்துவிடுவார்.

அறுபத்தெட்டு வயதில் அவருடைய வலது முழங்கால் பேச ஆரம்பித்தது. மிஷினை ஒரு மிதி மிதித்தால் மூன்று தெரு தள்ளி நாய் பதில் சொல்லும். ஆபரேஷன் செய்யாவிட்டால் மிஷினை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மூத்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர அன்று மாலை ஐந்து மணிவரை கெடு. மனைவி விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, காப்பீடு செல்லுபடியாகும் டாக்டர்கள் பட்டியலோடு நீட்டினாள்.

"இந்த லிஸ்ட்ல நம்ம டாக்டர் பேரு இல்லையே." நாற்பது வருஷமாகத் தும்மலுக்குக்கூட அந்த ஒரே டாக்டர்தான். "அவருக்குத் துரோகம் பண்ண மாட்டேன்."

"ஏங்க, அவரையா கட்டிக்கிட்டீங்க? முழங்காலை அறுக்கச் சொன்னா அவரே மயங்கி விழுவாரு."

"பல்லுக்கும் கிடையாதாம்."

"இருக்கறதே நாலு பல்லு. தனியார் கம்பெனிக்காரன் உங்க வயசைக் கேட்டதும் போனை வச்சானே, மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. ஆனாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமென்று விண்ணப்பத்தோடு நொண்டிப் போனார். கிளினிக் பூட்டியிருந்தது. மணி நாலு. கையெழுத்துப் போட மனசு வரவில்லை. போடாமல் வீட்டுக்குப் போகத் தைரியம் வரவில்லை. காப்பீட்டு ஆபீசைச் சும்மா எட்டிப் பார்ப்போம் என்று நடந்தார்.

வரிசை வாசல்வரை நின்றது. அரையங்குலத்துக்கு ஆட்களின் முகத்தைவிட முதுகுப்பக்கம்தான் பழக்கம். முன்னால் நின்ற சாம்பல்நிற பேன்ட்டைப் பார்த்தார். தையல் அவருடையது. உள்ளே விட்டிருந்த அரை அங்குலத்தைப் போன வருஷம் பிரித்துவிட்டதும் அவரேதான்.

"டாக்டர்?"

பேன்ட் திடுக்கிட்டுத் திரும்பியது. கையில் அதே விண்ணப்பம்.

"மெல்லப் பேசுங்க, பேஷன்ட் யாராவது பாத்துடப் போறாங்க. எனக்கும் முழங்கால்தான்."

"லிஸ்ட்ல உங்க பேரே இல்லை டாக்டர்."

"இருந்தா மட்டும்? என் காலை நானே அறுத்துக்கவா? தும்மலுக்கு வழக்கம்போல நம்ம கிளினிக்குக்கு வாங்க. கடகடன்னு போடுங்க கையெழுத்தை, மணியாச்சு."

எழுத மேஜை இல்லை. அரையங்குலம் தாளை டாக்டர் முதுகிலேயே வைத்துக் கையெழுத்திட்டார். கை தானாக இடுப்புப் பக்கம் போய்ச் சாண் போட்டுப் பார்த்தது.

"டாக்டர், இனிமே பிரிக்கத் துணி இல்லை. சாப்பாட்டைக் குறைச்சுக்குங்க, இல்லைன்னா என் கால் சரியாகறவரைக்கும் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குங்க."