வெள்ளிக்கிழமை ராத்திரி

லீமாவுக்குத் தூக்கம் என்றால் செத்த தூக்கம்தான். மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷமாக உப்பு வாருகிறவளுக்கு வேறெப்படி வரும்? கோழி கூவுவதற்கு முன்னே பாத்தியில் இறங்கினால், வெயில் மண்டையைப் பிளக்கும்போதுதான் கரையேற முடியும். புருஷன் அமிர்தராஜ் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து அந்த உடம்பு ஓயவில்லை. உப்புத்தண்ணீர் அரித்த பாதத்தில் எண்ணெய் தடவக்கூட ராத்திரியில் தெம்பிருக்காது.

மகன் லாரன்ஸ் தோஹாவில் ஏசி மெக்கானிக். ஊருக்கு வந்து மூன்று வருஷமாகிறது. இப்போது கம்பெனி லீவும் கொடுக்காமல் அவனைச் சிங்கப்பூருக்கு மாற்றியது. நேராகப் பறந்தால் எட்டு மணி நேரமாம். கம்பெனிக்காரன் கஞ்சப்பிசினாறி; சென்னையில் இறங்கி வேறு விமானம் ஏறுகிற மலிவு டிக்கெட்டாகப் போட்டுவிட்டான். அந்தக் கஞ்சத்தனம் நல்லாயிருக்கட்டும் என்று லீமா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

"ம்மா, வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு மெட்ராஸ்ல எறங்குறேன். அடுத்த பிளைட்டுக்கு நாலு மணி நேரம் இருக்குது. வெளிய வந்து நிக்கிறேன், வந்துடு" என்றான் போனில்.

பக்கத்து வீட்டு பெஞ்சமின் துணைக்கு வருவதாகச் சொன்னான். "தோஹாலேர்ந்து அவன் வர்றதுக்கே நாலரை மணி நேரம்தாங்கா. நாம பஸ்ல ஏர்போர்ட் போய்ச் சேர மூணு மணி நேரமாவுது!" என்று சிரித்தான். தவக்காலம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும் பஸ் ஏறுவதென்று முடிவாயிற்று. சனிக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று அளத்திலும் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை வழக்கம்போல உப்பு வாரினாள், வழக்கம்போலக் கட்டையாக விழுந்தாள். விடிவதற்கு முன் எழுந்து, போனைப் பார்க்காமலே சார்ஜில் போட்டுவிட்டு அளத்துக்குப் போனாள். மதியம் வந்து, மகனுக்கு முறுக்கு சுட எண்ணெய் வைத்தபோது போன் அடித்தது.

"எங்கம்மா போன?" லாரன்ஸின் குரல் உடைந்திருந்தது. "யார் யார் போனையோ வாங்கி அடிச்சேன். நீ எடுக்கவே இல்லியே."

"இன்னிக்குத்தானடா வெள்ளிக்கிழமை? ராத்திரி வர்றேன்டா."

"ஐயோ, நான் சிங்கப்பூரே வந்துட்டேம்மா."

விமானக்காரனுக்குப் பன்னிரண்டு அடித்தால் மறுநாள். நம் ஜனங்களுக்கு விடிந்தால்தான் மறுநாள். டிக்கெட்டில் இருந்த வெள்ளிக்கிழமையை லாரன்ஸ் அப்படியே படித்துச் சொல்லிவிட்டான். ஊர்க் கணக்கில் அது வியாழக்கிழமை ராத்திரி. அதுகூடப் பரவாயில்லை. பிள்ளை ஏர்போர்ட் வாசலில் நின்று கூப்பிடக் கூப்பிட, தலைமாட்டில் போன் அடிக்க அடிக்கத் தூங்கியிருக்கிறோமே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அலுப்புடா, தூங்கிட்டேன்" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு மாவுக் கையோடு உட்கார்ந்து அழுதாள். அந்தப் பக்கம் அவனும் அழுதான்.

சனிக்கிழமை விடியற்காலையில் அளத்துக்கு வந்து நின்றவளைப் பார்த்ததும், கூட உப்பு வாரும் கொளஞ்சியம்மாள் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தாள்.

"இன்னாடி, லீவுன்னு சொன்ன, வந்துட்ட? புள்ளயப் பாத்தியா? எப்பிடி இருக்கான்?"

லீமா குனிந்து உப்பு வாரும் பலகையை எடுத்தாள்.

"எளைச்சிப் போயிட்டான்" என்றாள்.