வெயிலில் ஒளிந்த தங்கராஜ்

போன வாரம் எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஈரம் கசிந்தது. பார்க்க ஓர் ஆளை வரச் சொன்னேன். சுத்தியலும் உளியுமாக வருவார் என்று நினைத்தால், துப்பாக்கி மாதிரி ஒரு கேமராவோடு வந்தார். சூட்டைப் படமாகக் காட்டும் கேமரா. ஈரமான இடம் குளிர்ச்சி, நீலமாகத் தெரியும் என்றார். வந்த வேலையைப் பார்க்காமல் அதை என் பக்கம் திருப்பி, "இதான் சார் நீங்க" என்று காட்டினார். திரையில் ஒரு ஆரஞ்சு மூட்டை நின்றது. வழுக்கைதான் அதிகச் சிவப்பு. எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்கும் வரும், அதை விடுங்கள். ஆனால் அந்தச் சிவப்பும் ஈரச் சுவரின் வாசனையும் சேர்ந்து என்னைப் பழைய பாளையங்கோட்டை முருகன்குறிச்சிக்குக் கொண்டுபோய்விட்டன.

அங்கே சண்முகம் அண்ணாச்சி செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே ஒரு அறை. ஐப்பசியில் கூரை ஒழுகும், சித்திரையில் உள்ளே உட்கார்ந்தால் வெந்துவிடுவோம். கீழே அவர் ஈயம் பற்றவைக்கிற புகை படியேறி வரும். அந்த வாசனை இப்போது எங்காவது அடித்தாலும் எனக்குப் பகடை உருளும் சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர் அங்கே ஆடினோம்.

என்ன ஆட்டம் என்றால் விளக்குவது கஷ்டம். என் மாமனாருக்கு விளக்கப் போனேன், "சீட்டாட்டந்தான?" என்று அவர் முடித்துவிட்டார். சீட்டு இல்லை. ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, அதுவாகவே பேசுவார்கள். "நீ இப்போது என்ன செய்கிறாய்?" என்று கதை சொல்பவர் கேட்பார். செய்ய முடிந்ததா என்பதை, ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் இருந்த விதிப்படி, பகடை சொல்லும். எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கிக் கவிழ்ப்போம். கதை சொல்லும் வேலை எனக்கு. கத்துவதற்குத் தொண்டை இருந்தது எனக்குத்தான்.

எங்கள் கதை வரப்போகிற காலத்துத் திருநெல்வேலியில் நடந்தது. தாமிரபரணி முழுவதையும் ஒரு கம்பெனி வேலி போட்டு எடுத்துக்கொண்டுவிட்டது. கரையெல்லாம் சென்சார். காவல்காரர்கள் ஒரு கண்ணாடி போட்டிருப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால், எதிரே தெரிகிற காட்சியின் மேலேயே தகவல் மிதக்கும்; சூடானது சிவப்பு, குளிர்ந்தது நீலம். சூடான ஓர் உடம்பு அகப்பட்டால் அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழும். கட்டம் விழுந்தால் ஆள் காலி. இதையெல்லாம் தாண்டிப் போய் ஸ்ரீவைகுண்டம் அணையின் மதகைத் திறந்துவிட வேண்டும்.

சென்சார் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு திமிர் இருந்தது. அப்போது கடைகளுக்குக் கேமரா மாட்டுகிற வேலையில் இருந்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு அரிசிக் கடையில், ஆள் நடமாட்டத்துக்குக் கூவும் கருவி ஒன்றை மாட்டினேன். மறுநாளே கடைக்காரர் கூப்பிட்டுவிட்டார். "ஏலே, பல்லிக்குக் கூவுது, பூனைக்குக் கூவுது. நேத்து என் கண்ணு முன்னாலயே ஒருத்தன் மூடையத் தூக்கிட்டுப் போறான், கம்முனு கெடக்கு. இதுக்கு நீயே வந்து இங்கன உக்காந்துரு." பூனைக்கும் திருடனுக்கும் வித்தியாசம் தெரியாத பொருளை விற்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து எதிர்காலத்தைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆட வந்தவர்களில் ஜாய்ஸ் அக்கா பாளையங்கோட்டைப் பள்ளியொன்றில் கணக்கு டீச்சர். காலையில் கோயில் ஆராதனை முடிந்ததும், அதே சேலையோடு வந்து கம்பெனிக்காரனைச் சுடுவார். அண்ணாச்சி கீழே வாடிக்கையாளர் வந்தால் பாதிச் சண்டையில் இறங்கிப் போய்விடுவார். மூன்றாவது ஆள் தங்கராஜ்.

தங்கராஜின் அப்பா மாஞ்சோலைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து, தொழிலாளர்களுக்கான லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுக் குடும்பமே மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டது. தங்கராஜ் பாளையங்கோட்டையில் ஒரு டைப்பிங் சென்டரில் சேர்ந்தான். என் வயதுதான். ஆனால் பேசமாட்டான். கேட்டதற்குப் பதில், அதோடு சரி. அவன் அம்மா ஒருநாள் அண்ணாச்சியிடம் வந்து, "மேல இருக்கும்போது வாய் மூடமாட்டான் அண்ணாச்சி. இங்கன வந்து ஊமையாயிட்டான்" என்று அழுதுவிட்டுப் போனார்களாம். அதன்பிறகுதான் அண்ணாச்சி அவனை மாடிக்கு இழுத்து வந்தார்.

எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவல்காரனிடம் பறித்த கண்ணாடியை யார் பாத்திரம் போட்டிருக்கிறதோ, அவரே தெரிவதைச் சொல்ல வேண்டும். நான் சொல்லமாட்டேன். தங்கராஜ் வாய் திறந்தது அப்படித்தான். மணிமுத்தாறு அணை மேல் நின்று அவன் பாத்திரம் மலையைப் பார்த்தது. "என்னவே தெரியுது?" என்றேன். அவன் சொன்னான். "லைன் வீடெல்லாம் தெரியுது. நீலமா இருக்கு. ஒரு வீட்லயும் அடுப்பு எரியல." அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த வாரம் அவன் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசினான்.

இதில் சிக்கல் என்னவென்றால் இன்னொரு வழக்கம். பாத்திரம் செத்தால், கதை முடியும்வரை அந்த ஆள் வரக்கூடாது. நான் வைத்த சட்டம். எங்கள் கதை மாதக்கணக்கில் இழுக்கும்.

ஒரு சித்திரை மாத ஞாயிறு. கதையிலும் சித்திரை, கதையிலும் மத்தியானம். தங்கராஜின் பாத்திரம் அணைக்கரையில் ஒரு மொட்டைச் சுவரோடு ஒட்டி நின்றது. காவல்காரன் திரும்புகிறான். பகடையை உருட்டினேன். அவனுக்குச் சாதகமாக விழவில்லை.

"கட்டம் விழுந்துட்டு. நீரு செத்துட்டீரு வே."

ஜாய்ஸ் அக்கா என் காதில், "ஏல, இவன் இனி வரமாட்டான், தெரியுமா? மறுபடி வாய மூடிருவான்" என்றார். தெரியும். ஆனால் இரக்கப்பட்டு உயிர் கொடுத்தால் ஆட்டம் எதற்கு? அவனுக்கும் அது பிச்சை போட்ட மாதிரி. பகடையைத் திரும்ப டம்ளரில் போட்டேன்.

தங்கராஜ் எழுந்து செருப்பைத் தேடினான். வாசல்வரை போய்த் திரும்பினான்.

"மத்தியானம்னுதான சொன்னீரு?"

"ஆமா."

"சுவரு வெயில்ல நிக்குதா, நெழல்ல நிக்குதா?"

"வெயில்லதான்."

"அப்ப நான் எப்படிவே தெரிவேன்? இங்கன சுவரு என்னைவிடக் கொதிக்கும். மலையில இருந்து வந்தவன் நான், எனக்குத் தெரியாதா? ரெண்டு வருசமா சாய ஒரு சுவரு கெடைக்கல. ஒம்ம கண்ணாடி சூட்டுக்குத்தான கட்டம் போடும்? இங்கன ஊரே செவப்பு. எங்கன போட்டுப் பாக்கும்?"

அவன் குரலை உயர்த்தி அன்றுதான் கேட்டேன். எனக்கும் கோபம் வந்து, விதி விதிதான் என்று கத்தினேன். அவனும் கத்தினான். "பனி பெய்யுத ஊர்க்காரன் எழுதுன விதிய எடுத்துட்டு வந்து ஸ்ரீவைகுண்டத்துல ஆளக் கொல்லுதீரு!" அண்ணாச்சி கீழே போய், போன் போர்டின் சூட்டைப் பார்க்க வைத்திருக்கும் சின்னக் கருவியை எடுத்து வந்தார். நால்வரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். வெறுங்காலோடு ஏறிய நான் குதித்துக்கொண்டே நின்றேன்.

தங்கராஜ் கைப்பிடிச் சுவரோரம் நின்றான். அண்ணாச்சி முதலில் சுவரில் காட்டினார், பிறகு அவன் நெற்றியில் காட்டினார். சுவர்தான் சூடு. ஜாய்ஸ் அக்கா கருவியை வாங்கித் தானே ஒருமுறை பார்த்துவிட்டு, "பையன் பாஸ்" என்றார். நான் விடவில்லை. "அப்ப குளிர்ச்சியாத் தெரிவாரே, நீலமா?" என்றேன். தங்கராஜ் சிரித்தான். "காவக்காரன் செவப்பத் தேடுதான் வே. நீலத்த எவன் தேடுவான்?"

தோற்றுப்போனேன். அவன் பாத்திரம் பிழைத்தது. நாங்கள் பார்க்கப் பார்க்க அது சுவரோடு சுவராக நடந்து போய் மதகைத் திறந்தது. தண்ணீர் வாய்க்காலில் இறங்கி வாழைத்தோட்டங்களுக்குள் போவதைக் கண்ணாடி வழியாக அவனே சொன்னான். சிவந்து கிடந்த ஊருக்குள் நீலக்கோடு ஒன்று நீண்டுகொண்டே போகிறது என்றான். நிறுத்தவே இல்லை. கீழே அண்ணாச்சியைத் தேடி வந்த வாடிக்கையாளர் ஒருவர் படியில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது அந்தக் கட்டடம் இல்லை. ரோட்டை அகலப்படுத்த முன்பக்கம் போனது, மிச்சத்தை இடித்துத் துணிக்கடை வந்துவிட்டது. அண்ணாச்சி மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். ஜாய்ஸ் அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். செல்போனைத் தூக்கிப் பிடித்தால், எதிரே இருக்கிற தெருவின் மேலேயே அம்புக்குறி மிதக்கிறது. எங்கே திரும்ப வேண்டும் என்று அதுவே சொல்கிறது. உனக்கு என்ன தெரிகிறது என்று கேட்க ஆள் இல்லை.

தங்கராஜ் அம்பாசமுத்திரத்தில் சொந்தமாக டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறான். வாரம் ஒருநாள் அங்கே ஆறேழு பேரை உட்காரவைத்து அவன் கதை சொல்கிறான். வந்து பாரும் என்று கூப்பிட்டான், போனேன். என்னை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. விதியைப் பற்றி நான் வாயெடுத்தால், "நீரு சும்மா இரும் வே" என்கிறான். வீட்டுக்குத் திரும்பிய பிறகும் போன் செய்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான். செருப்பைத் தேடி எழுந்த அந்த ஊமைத் தங்கராஜ் எங்கே போனான் என்று தெரியவில்லை. தொலைந்தவற்றில் நான் தேடப்போகாதது அவனை மட்டும்தான்.