மூன்று மூச்சு

என் கணவர் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்த்தார். நல்ல உயரம், அடர்ந்த தாடி. கொள்ளிடம் மணலில் ராஜா காலத்துக் காதல் படம் ஒன்று எடுக்க வந்தவர்கள் படைவீரர்களாக நிற்க உள்ளூர் ஆட்களைத் தேடினார்கள். அந்தத் தாடிக்காகவே அவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது காதுக்குப் பின்னால் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டேன்.

"என்னங்க இது?"

"சண்டைன்னா ரத்தம் வேணாமா?" அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

படம் வெளிவர நான்கு மாதம் இருக்கும்போது, கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, முகம் இடப்பக்கம் சாய்ந்து கிடந்தார். நான் அழவில்லை. அவருடைய ஆதார் அட்டையைக் கேட்டார்கள். பையைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.

படம் வந்த அன்று மேட்னி ஷோவுக்குத் தனியாகப் போனேன். ஒரு படைத்தலைவனும் ஓடக்காரர் மகளும் காதலிக்கிற கதை. ஒருவரையொருவர் பார்த்த மாத்திரத்தில் காற்று நின்றுபோகிறது. ஆற்றங்கரையில் உட்கார்ந்து, ஒருத்தர் பேச்சில் இன்னொருத்தர் குறுக்கிடாமல் பேசுகிறார்கள். படம் முழுக்க அவர்கள் ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. எங்களுக்குள் பதினேழு வருஷத்தில் காதல் என்ற சொல் வந்ததே இல்லை. கடையிலிருந்து போன் செய்தால் முதலில் "சாப்டியா" என்பார். அடுத்தது "மோட்டார் போட்டியா".

படைத்தலைவன் போருக்குப் போகிறான். வேல் தூக்கிப் போகிற வரிசையில் இவரைக் கண்டுபிடித்துவிட்டேன். சிரிப்பு வந்தது. அப்புறம் போர்க்களம். பிணங்களுக்கு நடுவே அவள் காதலனைத் தேடி வருகிறாள். அவள் தாண்டிப்போன ஒரு பிணம் என் கணவர்.

வாய் லேசாகத் திறந்து, முகம் இடப்பக்கம் சாய்ந்து. ஆஸ்பத்திரியில் நான் பார்த்த அதே முகம். அதைப் பல மாதம் முன்பே கேமரா முன்னால் ஒருமுறை வைத்துப் பார்த்திருக்கிறார். வீட்டில் சொல்லவில்லை.

அவள் காதலனின் மார்பில் தலை சாய்த்து நீளமாகப் பேசிவிட்டு அங்கேயே உயிரை விட்டாள். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. நான் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் மங்கலாகக் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வயிறு ஏறி இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று.

"மூச்சு விடறார்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பக்கத்து சீட்டு அம்மா என் கையைத் தொட்டு, "நடிக்கிறவங்கதானே, விடத்தானே செய்வாங்க" என்றார்.

மறுநாள் நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு போனேன். அண்ணனைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் எண்ணினேன். இரண்டுதான்.

"பார்த்தியா, வயிறு அசைஞ்சுதுல்ல?"

"எங்க அண்ணி? எனக்கு ஒண்ணும் தெரியலையே. வாங்க, போயிடலாம்."

மூன்றாம் நாள் தனியாகப் போனேன். இமைக்கக் கூடாது என்று கண்ணை விரித்து வைத்திருந்தேன். ஒரே ஒரு முறை ஏறி இறங்கியது.

ஓடுகிற படம் நாளுக்கு நாள் மாறாது என்று எனக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர் கட்டியிருக்கலாம். ஆனாலும் நான்காம் நாள் பஸ் ஏறுகிற தைரியம் வரவில்லை. கதாநாயகியை மட்டும் நினைத்துக்கொண்டே இருந்தேன். கூடவே செத்துப்போனால்தான் காதல் என்று அத்தனை பேரை அழ வைத்தாளே, நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் என் பெண்ணுக்கு ரசம் வைத்தேன்.

பொங்கலுக்கு அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். ஒன்பதாவது படிக்கிற என் பெண் மத்தியானச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். போர்க்களம் வந்ததும் நான் ஓடிப்போய் டிவியை அணைத்துவிட்டேன்.

"ஏம்மா?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். தட்டைக் கீழே வைத்தாள்.

"நான் போன்ல நிறைய தடவ பார்த்துட்டேம்மா. அப்பா அசையவே இல்லையே."

"முதல் தடவ பார்த்தப்பகூடவா?"

அவள் கண் நிறைந்தது. "முதல் தடவ நான் எண்ணலம்மா" என்றாள்.

அன்றைக்குத்தான் நான் அழுதேன். சோற்றுக் கையோடு அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அணைத்த டிவியின் கறுப்புக் கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். அந்தப் பக்கம் பார்க்காமல், வெகுநேரம் அப்படியே இருந்தோம்.