காதர் கடைப் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி

காதரை நான் ஏமாற்றினேன். ஐந்து ஆண்டுகளாக, இன்றுவரை, ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

காதர் என் கல்லூரித் தோழன். காயல்பட்டினத்தில் கருப்பட்டி மிட்டாய் செய்து வளைகுடா வரை அனுப்புகிறவன். நான் பாளையங்கோட்டையில் இணையதளம் அமைத்துக் கொடுப்பவன். மனைவி போனபின் அந்த அலுவலக அறையே என் வீடு.

பொட்டலங்களில் அச்சடிக்கக் குட்டி லிங்க்குகள் கேட்டான். கைபேசியில் அதை அடித்தால் ஆர்டர் பக்கம் திறக்க வேண்டும். “நம்ம கடைப் பேர்லயே இருந்தா நல்லாருக்கும்லே” என்றான்.

இருக்கலாம்தான். கடைக்குச் சொந்த இணைய முகவரி இருந்தது. அதற்கு முன்னால் ‘வாங்க’ என்று ஒரு சொல், ஒரு புள்ளி... அவ்வளவே! சப்டொமைன் என்பார்கள். புதிய முகவரி வாங்கத் தேவையில்லை. பத்து நிமிட வேலை. அதன்பின் லிங்க்குகளை அவனே கைபேசியில் உருவாக்கிக்கொள்ளலாம்.

அவனே உருவாக்கிக்கொண்டால்... என்னிடம் எதற்கு வருவான்?

“அப்படி முடியாதுலே” என்றேன். என் இணைய முகவரியின் கீழேயே வைத்துக் கொடுத்தேன். நம்பினான்!

அன்றிலிருந்து வியாழன்தோறும் பஸ் ஏறி வந்தான். புது லிங்க்குக்கு ஐந்து நிமிடம். பேச்சுக்கு அரை நாள். வியாழக்கிழமைகளில் மட்டும் நான் சவரம் செய்துகொண்டேன்.

போன நோன்பு மாதம் காய்ச்சலில் விழுந்தேன். என் இணைய முகவரிக்கு ஆண்டுக் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க மறந்தேன். பெருநாள் விற்பனை நேரம்... பொட்டலங்களிலிருந்த அத்தனை லிங்க்குகளும் செத்துப்போயின! அவன் பெயரில் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்குமா?

மறுநாள் வந்தான். திட்டுவான் என்று சுருண்டு படுத்திருந்தேன். அவன் கையில் தூக்குவாளி.

“லிங்க் கெடக்கட்டும்லே. மொதல்ல கஞ்சியக் குடி.”

நோன்பு பிடித்திருந்தவன் எதிரே அமர்ந்து, நான் குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாமே! ஏன் வாய் திறக்கவில்லை நான்? முகவரியைப் புதுப்பித்துக் கொடுத்தபோது நன்றி வேறு சொன்னான்...

சென்ற வாரம் அவன் என் அறையில் இருக்கையில் அவன் மகள் ஆயிஷா போனில் அழைத்தாள். கணினி படிக்கிறவள். லிங்க்கைக் கடைப் பெயரிலேயே வைக்கலாம் என்று வாதாடினாள்.

“ஒனக்கு என்ன தெரியும்? மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று அதட்டிவிட்டு, போனை என்னிடம் நீட்டினான்.

“மாமா, நெசமாவே முடியாதா?”

“முடியாதும்மா.”

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“சரி மாமா. வாப்பாட்ட நானும் அப்படியே சொல்லிருதேன். ஒங்களப் பாத்துட்டு வந்தாத்தான் வாப்பா மொகமே தெளியுது.”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது! மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளலாமா? எனக்கு ஏது அந்த உரிமை? தகப்பனிடம் பொய் சொல்லி அறியாத பெண்ணையும் அல்லவா என் பொய்யில் சேர்த்துக்கொண்டேன்!

காதர் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“என்னலே, புரிஞ்சிட்டா அவளுக்கு?”

“புரிஞ்சிட்டுலே” என்றேன்.