தெரியாது என்று சொல்லக் கூடாத கவுன்ட்டரில் ஒரு கிறிஸ்துமஸ்

சென்ற கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, கண்ணாடிக்கு வெளியே நின்ற விமானம்கூடத் தெரியாத மூடுபனியில், எங்கள் டியூட்டி மேனேஜர் என் தலையில் ஒரு சிவப்புத் தொப்பியை மாட்டினார்.

"ஜாஸ்மின் ஜி, இந்த ஷிஃப்டுல நீங்க ஒருத்தர்தான் கிறிஸ்டியன். கேக் நீங்க குடுத்தாதான் நல்லா இருக்கும். ஸ்மைல் கீஜியே."

இருபது வருடமாக டெல்லி விமான நிலையத்தில் செக்-இன் கவுன்ட்டர் பார்க்கிறேன். பனிக்குப் பதில் சொல்ல முடியாத நிர்வாகம் பயணிகளுக்குப் பிளம் கேக்கைக் கொடுக்கும். சிரிப்பை நாங்கள் கொடுக்க வேண்டும்.

அன்று சிரிக்க முடியவில்லை. டேராடூன் கல்லூரியில் படிக்கும் என் மகன் ஜெபின் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். ஆறு மணிக்கே காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் இறங்கியிருக்க வேண்டும். போன் சுவிட்ச் ஆஃப். அந்த நெடுஞ்சாலையில் பனியில் பஸ்கள் மோதிக்கொண்டதாக டி.வி.யில் ஓடியது. கணவர் பஸ் நிலையத்தில் நின்றார். எனக்கு மாற்று ஆள் வரவில்லை.

எங்கள் துவாரகா பகுதி ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் ஜெபிக்கச் சொல்லிக் கேட்டேன். கவலைப்படக் கூடாது என்கிற வசனங்கள் மினுமினுக்கும் ரோஜாக்களோடு வந்து குவிந்தன. ஒரு சகோதரி மட்டும் வேறு மாதிரி எழுதினார்: "சிஸ்டர், சாயங்காலம் கேரல் பாட வர்றப்ப டீ உங்க வீட்லதான?"

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விமானம் எப்போது கிளம்பும் என்று தெரியாதபோது, 'தெரியாது' என்று சொல்லக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் கூட்டி, "அடுத்த அப்டேட் பத்து மணிக்கு" என்று சொல்ல வேண்டும். கூட்டம் அடங்கிவிடும். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன்.

பஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். "மேடம், கியாரா பஜே அப்டேட் ஆயேகா", பதினொரு மணிக்கு அப்டேட் வரும் என்றது பணிவான ஒரு குரல். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்தது. அது என் குரல்.

போனை வைத்தபோது எதிரே செல்வி நின்றாள். டெல்லியில் வீட்டு வேலை செய்பவள். சென்னை டிக்கெட்டை முதலாளியம்மா எடுத்துக் கொடுத்திருந்தார். மூன்றாம் முறையாக வருகிறாள்.

"ஒம்போதுன்னீங்க, பத்துன்னீங்க. இப்ப பதினொண்ணா? எங்கம்மா சேலத்துல ஐ.சி.யூ.ல கெடக்குது. நெசமா எப்ப மேடம் கெளம்பும்?"

"தெரியலம்மா. இங்க யாருக்குமே தெரியாது. பனி வெலகணும்."

பின்னால் மேனேஜர் இருமினார். செல்வி என்னை முறைத்தாள்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா, இங்கயே நின்னு காலு கடுக்காம ஒரு டீயாச்சும் குடிச்சிருப்பேன்ல? ஆமா, போனையே ஏன் இப்படிப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

சொன்னேன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"அப்ப உங்களுக்கும் ஒண்ணும் தெரியாது."

"தெரியாது."

"சரி, அந்தக் கேக்கக் குடுங்க. நேத்துலருந்து சாப்பிடல. நீங்களும் தின்னுங்க."

தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நின்றபடியே தின்றோம். காலையிலிருந்து நான் செய்தது ஜெபமே அல்ல. பத்து மணிக்குள் போன் வர வேண்டும், பத்தேகாலுக்குள் வர வேண்டும் என்று ஆண்டவரின் கவுன்ட்டரில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது 'எனக்குத் தெரியவில்லை, கூட இரும்' என்று மட்டும் சொன்னேன். கண் போனை விட்டு நகரவில்லை. ஆனால் தனியாக இல்லை என்பது தெரிந்தது. அதில் சின்னதாக ஒரு சந்தோஷம்கூட இருந்தது. சமாதானம் என்ற சொல்லை எல்லோரும் வாழ்த்து அட்டையில் அச்சடித்துத் தேய்த்துவிட்டதால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வேறு சொல்லும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு யாருடைய போனிலிருந்தோ ஜெபின் பேசினான். "மம்மி, டென்ஷன் மத் லோ. பனின்னு டிரைவர் ரோட்டோர தாபாவுல நிறுத்திட்டாரு. என் போன் டெட்." திட்டினேனா அழுதேனா என்று நினைவில்லை. 'சுவிட்ச் ஆஃப்' என்ற குரல் கேட்டால் இன்றும் திரும்பத் திரும்ப டயல் செய்கிறேன்.

கவுன்ட்டர் வேலைக்குப் புதிதாக வரும் இளையவர்களுக்கு இப்போது இதைத்தான் சொல்கிறேன்: தொப்பி மாட்டச் சொன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். தெரியாததற்கு மட்டும் நேரம் குறிக்காதீர்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு, அங்கேயே நில்லுங்கள்.

செல்வியின் விமானம் ஒன்றரை மணிக்குக் கிளம்பியது. அவள் அம்மாவை உயிரோடு பார்த்தாளா, தெரியாது.